சுவர் அவருடையது, சாமான் உங்களுடையது!

"வாடகை வீடுதானே! அதற்கு எதற்கு இன்சூரன்ஸ்?" என்று பலர் கேட்கிறார்கள்.

வீடு வாடகைதான். உள்ளே இருக்கும் கட்டில், பீரோ, டி.வி., தையல் மெஷின் யாருடையவை? உங்களுடையவை! வீட்டுக்காரர் கட்டிடத்தை இன்சூர் செய்திருக்கலாம். அதில் உங்கள் சாமானுக்கு ஒரு காசுகூட கிடைக்காது.

2015-ம் ஆண்டு டிசம்பர் மாதம் அடையாறு பெருக்கெடுத்தது. சென்னை சைதாப்பேட்டையிலும், கோட்டூர்புரத்திலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. தண்ணீர் வடிந்தது. சுவர் நின்றது. மெத்தையும், பாடப்புத்தகமும் சேறு படிந்து தெருவுக்கு வந்தன.

தீ, புயல், வெள்ளம், பூகம்பம் ஆகியவற்றுக்கு "பாரத் கிரஹ ரக்ஷா" என்ற பாலிசி 2021-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி முதல் இருக்கிறது. குடியிருப்பவர்கள் கட்டிடத்தை விட்டுவிட்டு, சாமானுக்கு மட்டும் எடுக்கலாம். நகையைத் தனியாகச் சேர்க்க வேண்டும். ரொக்கப் பணத்துக்கு இது கிடையாது. பூட்டை உடைத்துத் திருடுவதற்கு வேறு பாலிசி உண்டு, கேட்டு வாங்குங்கள்.

"ஒன்றும் நடக்காவிட்டால் பணம் வீண்தானே?" என்பீர்கள். கதவுக்குப் பூட்டு வாங்குகிறோம். திருடன் வரவில்லையே என்று கடைக்காரரிடம் சண்டை போடுகிறோமா?

முழங்கால் அளவு தண்ணீர் வந்தபிறகு ஏஜெண்டைத் தேடிப் பயன் இல்லை. நடந்துவிட்ட நஷ்டத்துக்கு எந்தக் கம்பெனியும் பாலிசி தராது.

இன்றே வீட்டிலுள்ள சாமான்களுக்குப் பட்டியல் எழுதுங்கள். சாமானையும், பில்லையும் செல்போனில் படம் பிடித்து, வெளியூரில் இருக்கும் அண்ணனுக்கோ அக்காளுக்கோ அனுப்பி வையுங்கள். பிறகு பாலிசி எடுங்கள்.

வெள்ளம் வருமுன் அணை போடுவதே புத்திசாலித்தனம்!