பள்ளம் யாருடையது?

டில்லி சாந்தினி சௌக் கடைவீதியில், டவுன் ஹாலுக்கு எதிரே ஒரு மணிக்கூண்டு நின்றது. 1951-ஆம் ஆண்டில் ஒரு நாள் அது சரிந்து விழுந்தது. வீதியில் இருந்தவர்கள் கற்குவியலின் கீழ்ப் பிணமானார்கள். நேரம் காட்ட எழுப்பிய கூண்டு, மனிதருக்கு மரண நேரம் காட்டிற்று!

கூண்டு யாருடையது? முனிசிபாலிட்டியுடையது. செத்தவர்களின் குடும்பத்தார் நஷ்டஈடு கேட்டு வழக்குத் தொடுத்தனர். முனிசிபாலிட்டி என்ன சொல்லிற்று? அவ்வப்போது பார்வையிட்டே வந்தோம், வெளியே சாய்வு எதுவும் தெரியவில்லை, திடீரென்று விழுந்ததற்கு நாங்கள் எப்படிப் பொறுப்பாவோம் என்று வாதாடிற்று.

ஆனால் இடிபாடு வேறு கதை சொல்லிற்று. கூண்டுக்கு வயது 80. அந்த வகைச் சாந்தில் எழுப்பிய கட்டடத்துக்கு ஆயுள் 40, 45 ஆண்டுகள்தான். கல்லைக் கல்லோடு பிணைக்க வேண்டிய சாந்து, பிடிப்பு அற்றுப் பொடியாகக் கிடந்தது. வழக்கு படிப்படியாக ஏறி, 1966-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீதியோரக் கட்டடத்தின் சொந்தக்காரர், குறை கண்ணில் பட்டாலும் படாவிட்டாலும், வழிப்போக்கருக்கு வந்த தீங்குக்குப் பொறுப்பாளி என்றது. கூண்டு விழுந்ததே கவனக்குறைவுக்குச் சாட்சி என்றது.

நல்ல தீர்ப்புதான். ஆனால் கணக்குப் பாருங்கள் தோழர்களே! கூண்டு விழுந்தது 1951. தீர்ப்பு வந்தது 1966. இடையே 15 ஆண்டுகள். தகப்பனை இழந்த கைக்குழந்தை பள்ளிப்படிப்பையே முடிக்கும் காலம்!

இது டில்லிக் கதை மட்டுமா? நம் ஊரிலும் மணிக்கூண்டுகள் உண்டு. பெயர்தான் வேறு. நகராட்சிப் பள்ளியின் விரிசல் விட்ட சுவர் ஒரு மணிக்கூண்டு. துருப்பிடித்த விளக்குக் கம்பம் ஒரு மணிக்கூண்டு. மூடி இல்லாத பாதாளச் சாக்கடைக் குழி ஒரு மணிக்கூண்டு. மழைநீர் நிறைந்து, தார்ச்சாலை போலவே பளபளக்கும் பள்ளம் ஒரு மணிக்கூண்டு. விடியற்காலை மில்லுக்குப் போகும் தொழிலாளி அதில் சைக்கிளோடு விழுகிறான். கால் முறிகிறது. கால் முறிந்தால் கூலி முறிகிறது. கூலி முறிந்தால் அடுப்பு அணைகிறது. அவன் யாரைக் கேட்பான்?

செய்தால் குற்றம், சும்மா இருந்தால்?

இங்கிலாந்தில் நெடுங்காலம் ஒரு விசித்திரமான சட்டம் இருந்தது. சாலையைப் பேணும் மன்றம் பள்ளம் தோண்டி அதை மூடாமல் விட்டால், விழுந்தவருக்கு நஷ்டஈடு தரவேண்டும். ஆனால் பள்ளம் தானாகவே விழுந்து, மன்றம் அதைப் பழுது பார்க்காமல் விட்டுவிட்டால், பைசா தரவேண்டியதில்லை! வேலை செய்து கெடுத்தவன் குற்றவாளி. வேலையே செய்யாதவன் உத்தமன்! இந்த வேடிக்கையை 1961-ஆம் ஆண்டின் சட்டம் ஒழித்தது. பழுது பார்க்காத மன்றமும் பொறுப்பு என்றாயிற்று. கூடவே ஒரு நியாயமான வாய்ப்பும் தந்தது: நாங்கள் முறையாகப் பார்வையிட்டோம், அந்தச் சாலைக்கு வேண்டிய கவனத்தைச் செலுத்தினோம் என்று மன்றம் நிரூபித்தால் தப்பலாம். நிரூபிப்பது எதைக்கொண்டு? வாயைக்கொண்டு அல்ல. பதிவேட்டைக்கொண்டு!

நம் நாட்டில் வழி இன்னும் கரடுமுரடு. குஜராத்தின் ராஜ்கோட்டில், அலுவலகத்துக்கு நடந்துபோன ஒருவர்மீது சாலையோர மரம் விழுந்து அவர் இறந்தார். கீழ்க்கோர்ட்டு நஷ்டஈடு தந்தது. உயர் நீதிமன்றமும் தந்தது. உச்ச நீதிமன்றம் 1997-இல், மாநகராட்சி பொறுப்பல்ல என்று சொல்லிவிட்டது. கூண்டு விழுந்தால் பொறுப்பு, மரம் விழுந்தால் பொறுப்பில்லை! சட்ட நிபுணர் இரண்டுக்கும் வேறுபாடு காட்டுவார். விதவைக்கு அந்த வேறுபாடு விளங்குமா?

காற்று இப்போது சற்றே திரும்புகிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், சாலையைத் தரப்படி அமைக்கவும் பேணவும் தவறியதால் மரணமோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகாரத்துக்கும் காண்ட்ராக்டருக்கும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. 2025 அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம், சாலைப் பள்ளத்தாலும் திறந்த குழியாலும் இறந்தவரின் குடும்பத்துக்கு 6 லட்சம் ரூபாய் என்றும், காயமுற்றவருக்குக் காயத்தைப் பொறுத்து 50 ஆயிரம் முதல் இரண்டரை லட்சம் வரை என்றும் உத்தரவிட்டது.

'எங்கள் ஆள் அல்ல'

பள்ளத்தைவிடக் கொடியது குழி. பாதாளச் சாக்கடைக்குள் இறங்கி விஷவாயுவில் மாண்டவர்களின் பெயர்களை எழுதினால் இந்தப் பக்கம் போதாது. 2013-ஆம் ஆண்டின் சட்டம், பாதுகாப்புச் சாதனமின்றி மனிதனைச் சாக்கடைக்குள் இறக்கக்கூடாது என்கிறது. உள்ளாட்சி மன்றம் நேரடியாகவும் இறக்கக்கூடாது; வேறொருவன் மூலமும் இறக்கக்கூடாது. மீறினால் முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2014-இல் உச்ச நீதிமன்றம், 1993 முதல் இவ்வாறு இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. 2023 அக்டோபரில் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது.

சட்டம் இருக்கிறது. தீர்ப்பு இருக்கிறது. ஆனாலும் சாவு நின்றபாடில்லை. சாவு நேர்ந்தவுடன் ஆபீசிலிருந்து முதலில் வெளிவரும் வார்த்தை எது? இரங்கலா? இல்லை. 'அவர் எங்கள் ஆள் அல்ல, காண்ட்ராக்டரின் ஆள்!'

குழி நகராட்சியுடையது. குழாய் நகராட்சியுடையது. அதற்கு வரி வாங்குவது நகராட்சி. பிணம் மட்டும் காண்ட்ராக்டருடையதா? 1923-இல் வெள்ளைக்காரன் எழுதிய தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்திலேயே இதற்கு விடை இருந்தது. காண்ட்ராக்டர் வைத்த தொழிலாளிக்கு, வேலை கொடுத்த முதலாளியே முதலில் ஈடு தரவேண்டும். தந்துவிட்டு அதைக் காண்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம். அந்நிய ஆட்சிக்குத் தெரிந்த நியாயம், மக்கள் வாக்களித்து அமர்த்திய மன்றத்துக்குத் தெரியாமல் போகலாமா?

பணம் யாருடையது?

'நஷ்டஈடு கொடுக்கும் பணம் மக்கள் பணம்தானே? அதை வாரி இறைத்தால் பள்ளிக்கூடத்துக்கு ஏது, விளக்குக்கு ஏது?' என்று ஒரு கேள்வி வரும். அது விதண்டாவாதம் அல்ல, நேர்மையான கேள்வி. 1992-இல் நிறைவேறிய 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகராட்சிகளின் தலையில் வேலைகளை ஏற்றிற்று. பெட்டியில் பணத்தை நிரப்பவில்லை. இது உண்மை.

ஆனால் எண்ணிப் பாருங்கள். விபத்தின் விலையை யாரோ ஒருவர் கொடுத்தே தீரவேண்டும். கொடுக்காமல் அது மறைந்துவிடுவதில்லை. மன்றம் கொடுக்க மறுத்தால், கால் முறிந்த தொழிலாளி கொடுக்கிறான். தாலி இழந்தவள் கொடுக்கிறாள். பள்ளியைவிட்டு நின்ற பிள்ளை கொடுக்கிறது. ஊருக்கெல்லாம் சாலை, அதன் குறைக்கு விலை ஒரு குடிசைக்கு மட்டுமா? எல்லோரும் நடக்கும் பாதையின் பாரத்தை எல்லோரும் சுமப்பதுதான் பொதுவுடைமை நியாயம். அதுதான் சாதாரண நியாயமும்கூட.

இன்னொன்று. இழுத்தடிப்பது சிக்கனம் அல்ல. வக்கீலுக்குக் கட்டணம், அப்பீலுக்குச் செலவு, முடிவில் வட்டியோடு தொகை. கட்டாவிட்டால் ஜப்தி. விபத்து நஷ்டஈடு கட்டாததற்காகக் கோர்ட்டு அமீனா வந்து அரசு பஸ்ஸை நிறுத்திய காட்சியை நம் ஊர் பஸ் நிலையங்கள் கண்டதில்லையா? ஒரு மூடி போடுவதற்கு ஆகும் செலவை மிச்சம் பிடித்து, மூடாத குழிக்கு லட்சக்கணக்கில் அழுவதா சிக்கனம்?

அப்படியானால் எது சிக்கனம்? விபத்து வருமுன் காப்பது முதல் சிக்கனம். வந்தபின் கொடுக்கப் பணம் ஒதுக்கிவைப்பது இரண்டாவது சிக்கனம். மோட்டார் வாகனச் சட்டத்தில் இதற்கு ஒரு வழியே வகுத்திருக்கிறது: உள்ளாட்சி மன்றம் தன் வாகனங்களால் நேரும் நஷ்டத்தைக் கொடுக்கத் தனி நிதி ஒன்றை வைத்துப் பேணினால், இன்ஷூரன்ஸ் கட்டாயத்திலிருந்து அரசு அதற்கு விலக்குத் தரலாம். குப்பை லாரிக்குச் செய்யக்கூடியதைச் சாலைக்கும் சாக்கடைக்கும் பள்ளிச் சுவருக்கும் ஏன் செய்யக்கூடாது? சிறு நகராட்சி தனியே தாங்காது என்றால், பல நகராட்சிகள் கூடி ஒரு பொது நிதி காணட்டும்.

இது பகற்கனவல்ல. பிரிட்டனின் உள்ளாட்சி மன்றங்கள் 1903-இலேயே கூடித் தங்களுக்கென்று பரஸ்பர இன்ஷூரன்ஸ் ஸ்தாபனம் ஒன்றைத் தொடங்கின. தலைமுறை தலைமுறையாக அது நடந்தது. 1992-இல் நொடித்துப்போய், புதுப் பாலிசி எழுதுவதை நிறுத்திற்று. முன்பாதி நமக்கு வழிகாட்டி. பின்பாதி நமக்கு எச்சரிக்கை. நிதி வைத்தால் மட்டும் போதாது. வரப்போகும் கடனை ஒளிக்காமல் கணக்கெழுதி, அதற்கு ஈடாக நிதியை வளர்க்கவேண்டும்.

தோழரே, உமது வேலை என்ன?

எதிர்க்கட்சி மன்றம் என்றால் நமக்கு வேலை சுலபம். கொடி பிடிப்போம், கோஷம் போடுவோம். மன்றம் நம் கட்சியுடையது, தலைவர் நம் தோழர் என்றால்? அப்போதுதான் நம் நாக்கு குழறுகிறது. 'விழுந்தவன் குடித்திருந்தானாம்', 'மாற்றுக் கட்சிக்காரன் தூண்டிவிட்ட வழக்காம்' என்று நம்மில் சிலர் வாய் கூசாமல் பேசுகிறோம். வெட்கம்! பள்ளத்துக்குக் கட்சி இல்லை. அதில் விழுகிறவனுக்கு வர்க்கம் உண்டு. காரில் போகிறவர் குலுங்கிவிட்டுப் போகிறார். சைக்கிளில் போகிறவன்தான் சாகிறான். அவன் பக்கம் நிற்காத கட்சிக்குச் சிவப்பு எதற்கு, மேடை எதற்கு?

ஆகவே, நம் தோழர்கள் கவுன்சிலர்களாக இருக்கும் இடங்களில் எல்லாம் இவற்றைக் கேளுங்கள்.

வட்டந்தோறும் ஒரு நோட்டு இருக்கட்டும். எந்தப் பள்ளம், எந்த மூடி, எந்தச் சுவர், யார் எந்தத் தேதியில் சொன்னார், எந்தத் தேதியில் சரி செய்தது என்று எழுதட்டும். அந்த நோட்டு மாதந்தோறும் மன்றக் கூட்டத்தின் மேசைக்கு வரட்டும். ஏழைக்கு அது சாட்சி. நேர்மையான அதிகாரிக்கு அதுவே கவசம்.

டெண்டர் எழுதும்போதே, காண்ட்ராக்டர் தன் ஆட்களுக்கும் வழிப்போக்கருக்கும் இன்ஷூரன்ஸ் கட்டியிருக்கவேண்டும் என்று எழுதுங்கள். ரசீதைக் காட்டாதவருக்கு வேலை உத்தரவு இல்லை. தோண்டிய பள்ளத்தைச் சுற்றித் தடுப்பும் சிவப்பு விளக்கும் இல்லாவிட்டால் பில்லில் பிடித்தம்.

தவறு வெளிப்படையாகத் தெரிந்தால் கோர்ட்டுக்கு ஓடாதீர்கள். உட்கார்ந்து பேசித் தீருங்கள், தொகையைக் கொடுங்கள், பிறகு பிழை செய்தவரிடம் வசூலியுங்கள். பொய்க் கோரிக்கை வந்தால் அஞ்சாமல் எதிர்த்து நில்லுங்கள். பொதுப்பணத்தைக் காப்பதும் நம் கடமையே. எது மெய், எது பொய் என்று காட்டுவதும் அந்த நோட்டுதான்.

கிளைத் தோழர்களுக்கு ஒரு சொல். விபத்து நேர்ந்த அன்றே இடத்தைப் படம் பிடியுங்கள். கண்டவரின் பெயரைக் குறித்துவையுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். உள்ளாட்சி மன்றத்தின்மீது வழக்குப் போட முன்கூட்டியே நோட்டீஸ் தரவேண்டும், கெடுவுக்குள் போகவேண்டும் என்ற விதிகள் உண்டு. கெடு தாண்டித் தோற்ற ஏழைகள் அநேகர். கருமாதி முடிந்து கண்ணீர் காயட்டும் என்று காத்திருந்தால் கெடு காத்திருக்காது. உடனே ஒரு வக்கீல் தோழரிடம் அழைத்துப் போங்கள்.

1688-இல் பிறந்த சென்னை நகராண்மைக் கழகம் முதல் நேற்று உயர்த்தப்பட்ட நகராட்சி வரை, எல்லா மன்றங்களுக்கும் ஒரே ஒரு சொத்துத்தான் உண்டு: மக்களின் நம்பிக்கை. 'எங்கள் பள்ளம், எங்கள் பிழை, இதோ எங்கள் ஈடு' என்று சொல்லும் துணிவு எந்த மன்றத்துக்கு வருகிறதோ, அந்த மன்றத்தில்தான் பள்ளங்கள் குறையும். கூண்டில் பொடியாய்க் கிடந்தது சாந்து மட்டுமல்ல, பொறுப்பும்தான். அதை இறுகப் பூசுவது நம் வேலை.

நாளைக் காலை வேலைக்குப் போகும் வழியில் முதலில் கண்ணில் படும் பள்ளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், தோழரே. மாலைக்குள் அது நோட்டில் ஏறட்டும்!