புரை முற்றும்வரை காத்திருக்கலாமா?

தோபித்தின் கண்களில் படர்ந்திருந்த வெண்படலத்தை அகற்றியவர் அவருடைய மகன் தோபியாவே என்று திருநூல் உரைக்கின்றது. பெற்றோரின் பார்வையைப் பேணுவது பிள்ளைகளின் கடமை என்பதை நினைவூட்டும் நிகழ்ச்சி இது.

நம் இல்லங்களிலோ, “புரை இன்னும் முற்றவில்லை” என்று கூறி, முதியோரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்கச் செய்கிறோம். இக்கருத்து பழைய அறுவை முறைக்கு உரியது. அந்நாளில், மங்கிய வில்லையை எடுத்தபின் தடித்த கண்ணாடியே துணை. 1949-இல் இலண்டனில் ஹெரால்டு ரிட்லி என்னும் மருத்துவர் கண்ணுக்குள்ளேயே செயற்கை வில்லையைப் பொருத்தி வழிகாட்டினார். இன்று சில மில்லிமீட்டர் கீறலிலேயே இது முடிகின்றது. பலர் அன்றே வீடு திரும்புகின்றனர். அன்றாட வேலைக்குப் பார்வை இடையூறாகும்போதே சிகிச்சை பெறலாம். மிக முற்றவிட்டால் வில்லை கடினமாகி, அறுவையும் கடினமாகும்.

காத்திருப்பதில் வேறோர் ஆபத்தும் உண்டு. பார்வை மங்குவதெல்லாம் புரை அன்று. கண்நீர் அழுத்த நோய் பெரும்பாலும் வலியின்றி வந்து, பக்கப் பார்வையை மெல்ல மெல்லக் குறைக்கும். புரையால் மறைந்த பார்வை அறுவையால் திரும்பும். இந்நோயால் இழந்த பார்வையோ திரும்பாது. எஞ்சியதைச் சொட்டு மருந்தாலும் பிற சிகிச்சையாலும் காக்கலாம்.

இரண்டையும் பிரித்தறியச் சில எளிய சோதனைகள் உள்ளன. முதலாவது, 6 மீட்டர் தொலைவிலிருந்து எழுத்துப் பலகையைப் படிப்பது. 6/60 எனில், நல்ல கண் 60 மீட்டரில் காண்பதை இக்கண் 6 மீட்டரில்தான் காண்கிறது என்பது பொருள். அடுத்தது, கண்ணின் அழுத்தத்தை அளப்பது. பொதுவாக அது 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவில் இருக்கும். அழுத்தம் சீராயிருந்தும் சிலருக்கு இந்நோய் வருவதால், சொட்டு மருந்திட்டுக் கண்மணியை விரியச் செய்து, பார்வை நரம்பையும் விழித்திரையையும் மருத்துவர் நோக்குவார். அதன்பின் சில மணி நேரம் பார்வை கூசும். ஆகவே துணைக்கு ஒருவர் உடன் செல்லுதல் நலம்.

நாற்பது வயதைக் கடந்தோர், குறிப்பாகக் குடும்பத்தில் கண்நீர் அழுத்த நோய் உள்ளோர், இச்சோதனைகளைச் செய்துகொள்வார்களாக. நீரிழிவு உள்ளோர் ஆண்டுதோறும் விழித்திரையைக் காட்ட வேண்டும். திடீரெனப் பார்வை மறைந்தாலும், மின்னல்போல் ஒளி தெரிந்தாலும், கடும் கண்வலி கண்டாலும் அன்றே மருத்துவரிடம் விரையுங்கள்.

வரும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும், உங்கள் தாய் தந்தையரிடம் கேளுங்கள்: பாடற் புத்தகத்தின் எழுத்துகள் அவர்களுக்குத் தெளிவாகத் தெரிகின்றனவா? இல்லையெனில், அவ்வாரமே அவர்களை அழைத்துச் செல்லுங்கள்.