கிறிஸ்துமஸ் பந்தியில் யார் அந்த ‘எல்லாரும்’?

எங்கள் பங்குக் கோவிலில் கிறிஸ்துமஸ் விருந்துக்குப் பட்டியல் போட்டார்கள்: சிக்கன் பிரியாணி, கத்திரிக்காய், சைவக்காரர்களுக்குத் தனிச் சமையல். மாட்டுக்கறியும் செய்யலாம் என்றேன். “எல்லாரும் சாப்பிடணும்ல தம்பி” என்றார் ஒரு பெரியவர். சைவத்துக்குத் தனி அடுப்பு மூட்டும்போது இந்த ‘எல்லாரும்’ எங்கே போகிறார்கள்?

2022இல் ஆம்பூர் பிரியாணித் திருவிழாவுக்கு மாவட்ட நிர்வாகம் போட்ட பட்டியலும் இப்படித்தான். மாட்டுக்கறி பிரியாணிக்குப் பேர்போன ஊரிலேயே அதற்கு இடமில்லை! ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது.

திருச்சி மேலப்புதூர் கல்லறையில் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்து எழுப்பிய சுவரால் புண்படாத ஒற்றுமை, எங்கள் கறிச் சட்டியைக் கண்டால் புண்படுகிறதாம். தமிழ்நாட்டில் மாட்டுக்கறி உண்ணச் சட்டத்தில் தடையில்லை. கோவில் பந்தியில் இருக்கிறது.

25ஆம் தேதி ஒரு அண்டா மாட்டுக்கறியும் அடுப்பேறட்டும். வேண்டாதவர்களுக்குத்தான் சைவப் பந்தி இருக்கிறதே.