தனித் தட்டு வேண்டாம்!

“நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்” என்பர் நம் முன்னோர். அச்செல்வத்தைப் பலரிடமிருந்து இன்று பறித்து வருவது சர்க்கரை நோய். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்து, 2023ஆம் ஆண்டு வெளியான ஆய்வின்படி, நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு இந்நோய் உள்ளது. எனவே தோழியரே, இது நம் வீட்டுக் கதையுமாகும்.

மாலை நான்கு மணிக்கு நம் வீடுகளில் நடப்பது என்ன? பிள்ளைகளுக்குச் சுடச்சுட பஜ்ஜியும் கேசரியும். சர்க்கரை நோயுள்ள தாத்தாவுக்கோ பாட்டிக்கோ ஒரு தனித் தட்டில் இரண்டு பிஸ்கட். “இந்த வீட்டிலே நான் மட்டுந்தான் குற்றவாளியா?” என்று எங்கள் பாட்டி ஒருநாள் கேட்டார். நியாயமான கேள்வி!

அந்த பிஸ்கட்டாவது நன்மை செய்கிறதா? அதுவும் இல்லை. “சர்க்கரை சேர்க்காதது” என்று அட்டையில் அச்சிட்டிருந்தாலும், அதிலுள்ள மைதா விரைவில் செரித்துக் குளுக்கோஸாக மாறிவிடும். வெல்லமும் தேனும் பரவாயில்லை என்று சிலர் எண்ணுகின்றனர். அவையும் இரத்தத்தில் சர்க்கரையை உயர்த்துபவையே.

கொண்டைக்கடலை, பாசிப்பயறு, தட்டைப்பயறு ஆகியவற்றில் நார்ச்சத்தும் புரதமும் உண்டு. அவை மெல்லச் செரிப்பதால் சர்க்கரை திடீரென ஏறாது. உப்பைக் குறைத்து, கடுகு, கறிவேப்பிலை தாளித்த சுண்டல் அரைக் கிண்ணம் போதும். ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை, வெள்ளரித் துண்டுகள், நீர் மோர் ஆகியவையும் நல்லவையே. கொய்யாப்பழத்தைச் சாறு பிழியாமல் கடித்துத் தின்ன வேண்டும்; சாற்றை வடிகட்டினால் நார்ச்சத்து போய்விடும்.

“வளரும் பிள்ளைகளையும் ஏன் பத்தியம் இருக்கச் சொல்கிறாய்?” என்று பெற்றோர் கேட்கலாம். சுண்டல் பத்தியமன்று, வளரும் பிள்ளைகளுக்கு ஏற்ற உணவு. மேலும், பெற்றோருக்கு இந்நோய் இருந்தால் பிள்ளைகளுக்கும் வரும் வாய்ப்பு அதிகம். ஆகவே மாற வேண்டியது நோயாளியின் தட்டு மட்டுமன்று, வீட்டின் அடுப்பே!

ஓர் எச்சரிக்கை. இன்சுலினும் சில மாத்திரைகளும் எடுப்பவர்களுக்குச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கிவிடுவதுண்டு. உடல் வியர்க்கும், கை நடுங்கும், தலை சுற்றும். அப்போது சுண்டல் உதவாது. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். இடைவேளைச் சிற்றுண்டி யாருக்கு, எப்போது தேவை என்பதை மருத்துவரே கூற வேண்டும்.

நவம்பர் 14 குழந்தைகள் தினம் என்பது நாம் அறிந்ததே. அதுவே உலக நீரிழிவு தினமும் ஆகும். 1921இல் பெஸ்ட்டுடன் சேர்ந்து இன்சுலினைக் கண்டறிந்த பேண்டிங்கின் பிறந்த நாள் அது. 1922இல் அம்மருந்தை முதன்முதலில் பெற்றவன் 14 வயதுச் சிறுவன். நம் வயதுப் பிள்ளை! அந்நாளில் நம் பள்ளியில் மிட்டாய்க்குப் பதிலாகச் சுண்டல் வழங்கினால் என்ன? மதர் அவர்களும் ஆசிரியைகளும் இதைச் சிந்திக்கும்படி பணிவுடன் வேண்டுகிறேன்.

விருந்தினரை “ஒன்றே ஒன்று” என்று இனிப்புக்கு வற்புறுத்தாதிருப்போம். பாட்டி உண்பதை நாமும் அருகமர்ந்து உண்போம். பாசத்தைக் காட்டச் சர்க்கரை தேவையில்லை!

— பத்தாம் வகுப்பு மாணவி