திறப்பு யார் கையில்?

தகரப்பேணி இரண்டின் அடியில் துளையிட்டு நூல் கோத்து, ஒருவர் பேச மற்றவர் காதில் வைத்துக் கேட்ட விளையாட்டை நம் வாசகருள் அறியாதார் இலர். அவ்விளையாட்டின் பெயரையே தாங்கி, அமெரிக்காவின் சியாற்றில் நகரிலிருந்து 'ரின் கான்' என்னும் சிறுவர் தொலைபேசி 2025ஆம் ஆண்டில் பரவத் தொடங்கிற்று. அதற்குத் திரை இல்லை. வீட்டு இணையத்தின் வழியே குரல் மட்டுமே செல்லும். பெற்றோர் அனுமதித்த எண்களோடன்றிப் பிறரோடு பிள்ளை பேச இயலாது.

இதனை நாம் வரவேற்கின்றோம். 2020, 2021ஆம் ஆண்டுகளில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடத்துக்கென்று நாமே பிள்ளைகளின் கையில் கைத்தொலைபேசியைக் கொடுத்தோம். பாடசாலை திறந்தது, கொடுத்தது பல வீடுகளில் இன்னும் திரும்பி வரவில்லை.

ஆயினும் ஒரு வினா. அக்கருவியின் திறப்பு யார் கையில்? ரின் கான் உள்ள இரு வீடுகள் தமக்குள் பேசக் கட்டணமில்லை. அம்மம்மாவின் சாதாரண எண்ணை அழைக்கவோ மாதந்தோறும் பணம் கட்டவேண்டும். அழைப்பெல்லாம் அக்கொம்பனியின் கணினிகளையே நம்பி நிற்பன. கொம்பனி கதவை அடைத்தால் எஞ்சுவது வெறும் பேணியே. பருவந்தோறும் விதைநெல்லுக்குக் கடைவாசலில் நிற்கும் கமக்காரனுக்கு இதை நாம் விளக்கவேண்டியதில்லை.

மாற்று வழி உண்டு. இணையத்தில் குரலழைப்பை ஏற்படுத்துதற்கு 'சிப்' என்னும் பொது ஒழுங்குமுறை 1999இலேயே வெளியிடப்பட்டது. அது எந்தக் கொம்பனிக்கும் உரியதன்று. 'அஸ்ரரிஸ்க்' என்னும் இலவச மென்பொருள் தோன்றியதும் அவ்வாண்டிலேயே. பரணிற் கிடக்கும் பழைய தொலைபேசியைச் சிறிய அடப்ரர் ஒன்றிற் செருகி இணையப் பெட்டியோடு இணைத்து, உள்ளங்கையளவு ராஸ்பெரி பை கணினியில் அம்மென்பொருளை இயக்கினால், வீட்டுக்கென்று ஒரு தொலைபேசி நிலையமே அமைந்துவிடும். ஒன்றை அழுத்தினால் அம்மம்மா; இரண்டை அழுத்தினால் மாமா; பட்டியலில் இல்லாதவர் அழைத்தால் மணியே அடிக்காது. விரல்விட்டுச் சுழற்றும் பழைய தொலைபேசியையும் ஏற்கும் அடப்ரர்கள் உள. வெளி எண்களுக்கு ஒரு சேவையாளரிடம் கணக்கு வேண்டும் என்பது மெய்யே. ஆனால் அவர் சரியில்லையெனில் வேறொருவரை நாடலாம், கருவி நம்முடையதாகவே இருக்கும்.

"இது எஞ்சினியர்மாருக்கன்றோ?" என்பாருளர். ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும் என்று கூறி வாசகரை ஏமாற்ற நாம் விரும்பவில்லை. ஆயின், கற்ற வாலிபர் ஒருவர் முன்வந்தால் ஓர் ஒழுங்கையிலுள்ள பத்து வீடுகளுக்கும் செய்துகொடுக்கலாம். விடுமுறைக்கு ஊர் வரும் உத்தியோகத்தர்கள் இதனைக் கவனிப்பார்களாக.

ஒன்றை மறத்தலாகாது. பழைய செப்புக்கம்பித் தொலைபேசிக்கு 48 வோல்ற் மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே வந்தமையால், ஊர் இருண்டபோதும் அது ஒலித்தது. இணையத் தொலைபேசியோ மின்தடையோடு ஊமையாகிவிடும். எனவே பற்றறி ஒன்று கட்டாயம் வேண்டும். அமெரிக்காவில் பொதுத் தொலைபேசி எண்களோடு இணைக்கும் இணையத் தொலைபேசிச் சேவையாளர்கள் அவசர அழைப்புக்கு வழிசெய்தல் வேண்டுமென 2005இலேயே விதிக்கப்பட்டது. இங்கே 119க்கும் 1990க்கும் அழைப்புச் செல்லுமா என்பதைக் கருவியைப் பிள்ளையிடம் கொடுக்குமுன்பே சேவையாளரிடம் கேட்டறிந்துகொள்க.