5 நிமிடம் பேச 490 கி.மீ. பயணம்: மதுரைக்காரருக்கு 'ஓபன் மைக்' கட்டுப்படியாகுமா?

தமிழ் ஸ்டாண்ட்-அப் காமெடி ஓடிடி வரை போய்விட்டது. அதற்கான முதல் படி 'ஓபன் மைக்'. மதுரை, மேலூர், உசிலம்பட்டி பக்கம் இருக்கும் ஒருவருக்கு அந்தப் படி எவ்வளவு உயரம்? பார்க்கலாம்.

ஓபன் மைக் என்றால் என்ன?

ஒரு கஃபே அல்லது சின்ன ஹால். முன்கூட்டியே பெயர் கொடுத்தால் 4, 5 நிமிடம் மைக் கிடைக்கும். சிரிப்பு வரலையா? மாற்றி எழுதிவிட்டு மறுபடி வரலாம். "காசு தருவாங்களா?" பெரும்பாலும் இல்லை. சில இடங்களில் பேசுபவரே கட்டணம் கட்ட வேண்டும்.

பயணம்தான் சிக்கலா?

ஆமாம். ஒருமுறை பேசினால் போதாது, திரும்பத் திரும்ப ஏற வேண்டும். சென்னைவாசி வேலை முடிந்து பைக்கில் போய்விடுவார். மதுரையில் இருந்து சென்னைக்கு ரயிலில் சுமார் 490 கி.மீ. பெங்களூருவுக்கு 2024 ஆகஸ்ட் 31 முதல் வந்தே பாரத் இருக்கிறது. ஆனால் திரும்பும் வண்டி மதியமே கிளம்பிடும். ஓபன் மைக் நடப்பதோ பெரும்பாலும் மாலையில். அப்போ ரூம் வாடகை, இல்லாவிட்டால் ராத்திரி பஸ். மறுநாள் வேலைக்கு லீவு.

மதுரையில் மேடையே இல்லையா?

மேடைக்குப் பஞ்சமே இல்லை. 2025 செப்டம்பர் 18-ல் மறைந்த ரோபோ சங்கர் மதுரைக்காரர். மேடைகளில் ரோபோ போல ஆடித்தான் அந்தப் பெயர் வாங்கினார். டிவி, சினிமா எல்லாம் அதற்குப் பிறகுதான்.

திருவிழா மேடைக்குச் செலவு செய்வது ஊர். தலைக்கட்டு வரி வசூலித்து, கலைக்குழுவுக்கு முன்பணம் கொடுப்பார்கள். குழுவோடு போகும் புதுப் பையனுக்கும் சாப்பாடு, வேன், கொஞ்சம் சம்பளம் கிடைத்துவிடும்.

அந்த வழியும் இப்போது எளிதல்ல. ஆடல் பாடல் நிகழ்ச்சிக்குப் போலீஸ் அனுமதி வேண்டும். அது கிடைக்காமல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போகும் ஊர்கள் உண்டு.

அப்போ என்ன வித்தியாசம்?

கற்றுக்கொள்ளும் காலத்துக்கு யார் பணம் தருவது என்பதுதான். அங்கே ஊர். இங்கே பேசுபவரின் சொந்தப் பை. அலெக்ஸாண்டர் பாபு மேடைக்கு வரும் முன் சாப்ட்வேர் துறையில் இருந்தவர். மாதச் சம்பளத்தில் கொஞ்சம் சேர்த்தவரால் சில வருடம் தாக்குப்பிடிக்க முடியும். தினக்கூலி வீட்டுப் பிள்ளையால் முடியுமா?

இடம் கொடுப்பவருக்கும் ரிஸ்க்

2025 மார்ச் 23-ல் குணால் கம்ராவின் பேச்சுக்காக மும்பை 'ஹேபிடட்' அரங்கம் அடித்து நொறுக்கப்பட்டது. விழுப்புரத்தில் வசிப்பதாகச் சொன்ன கம்ராவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால முன்ஜாமீன் கொடுத்தது. அரங்கமோ தற்காலிகமாக மூடுவதாக அறிவித்தது. அங்கே 5 நிமிடத்துக்குக் காத்திருந்த புதியவர்களுக்கு எந்தக் கோர்ட்டும் இல்லை.

என்ன செய்யலாம்?

வாரம் ஒருநாள், ஒரே இடம், ஒரே நேரம். மதுரையில் ஒரு கல்லூரி ஹாலோ, கஃபே மாடியோ இப்படித் தவறாமல் திறந்திருந்தால் பாதிச் செலவு மிச்சம். பெரிய நகரத்துக்கு மாதம் ஒருமுறை போனால் போதும்.

இல்லாவிட்டால் தமிழ் காமெடி மேடையில் ஐடி ஆபீஸும் அபார்ட்மென்ட்டும் மட்டுமே பேசப்படும். உசிலம்பட்டி ஜோக் டீக்கடையிலேயே நின்றுவிடும்.