கட்டியக்காரன் வாங்காத உதை

எங்க பொதட்டூர்பேட்டைப் பக்கம் பாரதக் கூத்து பார்த்தவங்களுக்குக் கட்டியக்காரனைத் தெரியும். துரியோதன மகாராஜா கிரீடம், புஜக்கட்டையோட வந்து நிப்பாரு. இவன் அவருக்குச் சேவகன். ஆனா, "யாருய்யா நீ, எந்த ஊரு?"ன்னு ராஜாவையே நிக்கவச்சுக் கேப்பான். நடுவுல உள்ளூர்க் கதையும் இழுப்பான். கூலிவேலை செய்யுற சனம் விடிய விடிய உக்காந்து சிரிக்கிறது அதுக்குத்தான்.

சினிமாவுலயும் முதல்ல அந்தச் சாயல் இருந்துச்சு. பம்மல் சம்பந்த முதலியார் நாடகம் ‘சபாபதி’, 1941-ல படமா வந்தது. முதலாளி டி.ஆர்.ராமச்சந்திரன், வேலைக்காரன் காளி என்.ரத்னம். ரெண்டு பேருக்கும் ஒரே பேரு, ரெண்டும் அசடு! யாரு யாரைப் பார்த்துச் சிரிக்கிறது?

அப்புறம் வந்த பல படத்துல வேலைக்காரன் உதை வாங்கத்தான் வர்றான். பட்டணத்துல நீங்க சிரிக்கலாம். பகலெல்லாம் வரப்புல ஏச்சு வாங்கினவன் சாயந்தரம் அதையே காசு குடுத்துப் பார்க்கணுமாங்க?